தோண்டுவதா, குவிப்பதா? ‘மொகிலா’ என்ற ஸ்லாவியச் சொல்லின் கதை

கிழக்கு உக்ரைனில், தொனெட்ஸ்க் பக்கம், ‘சவூர்-மொஹிலா’ என்று ஓர் இடம். 2014 ஆகஸ்டில் அங்கே நடந்த சண்டையில், 1963-இல் எழுப்பிய போர் நினைவுத்தூண் சரிந்து விழுந்தது. அப்போது செய்திகளில் இந்தப் பெயர் நிறைய அடிபட்டது. ஒரு ரஷ்ய அகராதியை எடுத்துப் பின்பாதிக்குப் பொருள் பார்த்தால் ‘புதைகுழி’ என்றுதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தின் படத்தைப் பார்த்தால் குழியைக் காணோம். சுற்றிலும் தட்டையான புல்வெளி, நடுவில் கடல்மட்டத்திலிருந்து 277 மீட்டருக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும் ஒரு குன்று.

அகராதி குழி என்கிறது, கண் மேடு என்கிறது. இரண்டுமே சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் குடும்பக் கதை, சுருக்கமாக. ரஷ்யன், உக்ரைனியன், பெலருசியன் ஆகியவை கிழக்கு ஸ்லாவிய மொழிகள். போலிஷ், செக், ஸ்லோவாக் மேற்கே. பல்கேரியன், மாசிடோனியன், செர்பியன், குரோவேஷியன், ஸ்லோவேனியன் தெற்கே. சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்னால் இவையெல்லாம் ஒரே மொழியின் வட்டார வழக்குகளாக இருந்தவை. அந்தத் தாய்மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்ட சொற்களில் ஒன்று ‘மொகிலா’. நடுவில் உள்ள இகரம் நம் இகரம் அல்ல, உகரத்துக்கும் இகரத்துக்கும் இடையில் தொங்கும் ஓர் ஒலி; தமிழில் எழுத வேறு வழியில்லாததால் இப்படி எழுதுகிறேன்.

இன்றைக்கு இதே சொல் ரஷ்யனில் ‘மகீலா’ என்று ஒலிக்கிறது. போலிஷ்காரர் ‘மொகீவா’ என்பார். எழுத்தில் லகரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள், வாயில் அது வகரமாகிவிடும். உக்ரைனியனிலும் செக்கிலும் ஸ்லோவாக்கிலும் ‘மொஹிலா’. பெலருசியனில் ‘மஹீலா’. பல்கேரியனில் ‘மொகீலா’.

‘கி’ ஏன் ‘ஹி’ ஆனது? ஒரு சொல்லில் மட்டும் நடந்த விபத்து அல்ல இது. தாய்மொழியில் இருந்த ககர ஒலி (‘மகன்’ என்பதில் வருவது போன்றது) செக், ஸ்லோவாக், உக்ரைனியன், பெலருசியன் நான்கிலும் ஒட்டுமொத்தமாக ஹகரம் பக்கம் சாய்ந்துவிட்டது. மலைக்கு ரஷ்யனில் ‘கரா’, செக்கில் ‘ஹொரா’. காலுக்கு ‘நகா’, ‘நொஹா’. இந்த மாற்றம் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. ‘மகன்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் இருப்பது ‘கல்’லில் வரும் ககரமா? பலர் வாயில் அது ‘மஹன்’ என்றுதான் விழுகிறது. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஒலி மாறியது எளிய பகுதி. பொருள் மாறியதில்தான் சுவாரசியம்.

ஒருவரைப் புதைக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மண்ணைத் தோண்டுகிறோம், கீழே ஒரு குழி. தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளும்போது உடல் பிடித்த இடம் போக மிச்ச மண் மேலே குவிகிறது. ஆக ஒரே காரியத்தில் ஒரு குழியும் ஒரு மேடும் உண்டாகின்றன. அந்த இடத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் கீழே பார்த்தும் வைக்கலாம், மேலே பார்த்தும் வைக்கலாம். பழைய ஸ்லாவிய மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது. கீழே பார்த்து வைத்த பெயர் ‘க்ரொப்’; தோண்டு, சுரண்டு என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தின் ‘கிரேவ்’, ஜெர்மனின் ‘க்ராப்’ இரண்டும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். மேலே பார்த்து வைத்த பெயர்தான் நம் ‘மொகிலா’: குவித்த மண், மேடு.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. இரண்டு சொற்களும் அருகருகே வருகிற பழைய பதிவு ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுத்த நாளாகமம் ஒன்று, 945-ஆம் ஆண்டுக்குக் கீழே இதைச் சொல்கிறது. கீவின் அரசன் ஈகர், திரெவ்லியர் என்ற இனத்தாரிடம் கப்பம் வாங்கப் போனான். வாங்கிக்கொண்டு திரும்பியவன், போதாது என்று மறுபடியும் போனான். அவர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் மனைவி ஓல்கா, கணவன் இறந்த ஊரிலேயே நிறைய மதுவைத் தயார் செய்யச் சொல்லி ஆளனுப்பிவிட்டுப் புறப்பட்டு வந்தாள். கணவனின் ‘க்ரொப்’ அருகே நின்று அழுதாள். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டுப் பெரியதொரு ‘மொகிலா’வைக் குவிக்கச் சொன்னாள். குவித்து முடித்ததும் ஈமவிருந்து. குடித்து மயங்கிக் கிடந்த திரெவ்லியர் 5000 பேரை அவள் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள் என்று நாளாகமம் கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். ஆனால் வினைச்சொற்களை நம்புவேன். உடல் கிடக்கும் இடம் ‘க்ரொப்’. ஆட்கள் மண்ணைக் கொட்டிக் குவித்தது ‘மொகிலா’. ஒன்றின் அருகே அழுகிறாள், இன்னொன்றைக் குவிக்கச் சொல்கிறாள்; இரண்டும் வேறுவேறு பொருள்கள்.

அதே நூலில் இன்னொரு இடம். 882-இல் கீவில் கொல்லப்பட்ட அஸ்கோல்த் என்பவனைப் புதைத்த இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, பிற்காலத்தில் ஒருவர் அந்த மொகிலாவின் மேல் ஒரு தேவாலயம் கட்டினார் என்கிறது. குழியின் மேல் யார் தேவாலயம் கட்டுவார்கள்? கீவ் நகரில் ஆற்றங்கரைச் சரிவில் இருக்கும் அந்த இடத்துக்கு இன்றும் ‘அஸ்கோல்தோவா மொஹிலா’ என்றுதான் பெயர்.

ஆக, இந்தச் சொல் எந்த மொழியில் என்ன பொருளில் இருக்கிறது என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். கூட என்ன வினை வருகிறது என்று பாருங்கள். தோண்டுகிறார்களா, குவிக்கிறார்களா?

ரஷ்யனில் தோண்டுகிறார்கள். இன்றைய ரஷ்யனில் ‘மகீலா’ என்றால் மண்ணுக்குள் இருக்கும் குழி. ரகசியம் காப்பவரை மகீலா போல மௌனமானவர் என்பார்கள். திருந்தாத ஆளைப் பார்த்து, ‘கூனனை மகீலாதான் நிமிர்த்தும்’ என்று ஒரு பழமொழி உண்டு. படுக்கப்போட்டு மண் தள்ளினால்தான் முதுகு நேராகும் என்பது கணக்கு. குரூரமான பழமொழி, ஆனால் குழி என்ற பொருள் இல்லாமல் அது நிற்காது. மாஸ்கோவில் கிரெம்ளின் மதிலோரம் 1967 மே 8 அன்று திறந்த பெயர் தெரியாத வீரனின் நினைவிடமும் மகீலாதான்.

அப்படியானால் மேட்டைக் குறிக்க ரஷ்யனில் என்ன சொல்? ‘குர்கான்’. துருக்கிய மொழிகளிலிருந்து வந்த கடன்சொல் அது. அங்கே கோட்டை என்று பொருள். வோல்காகிராதில் வாளோங்கிய பெண் சிலை நிற்கிறதே, அந்த மேடு ‘மமாயெவ் குர்கான்’. மேட்டுக்கு இப்படி ஒரு வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்துவிட்டதால், உள்ளூர் மகீலா குழிக்குள் இறங்கிவிட்டது. அது குழிக்குள் இறங்கியதும், ஏற்கெனவே அங்கே இருந்த ‘க்ரொப்’ எங்கே போகும்? இன்னும் சுருங்கி, குழிக்குள் இறக்கும் சவப்பெட்டியாகிவிட்டது. இன்றைய ரஷ்யனில் ‘க்ரொப்’ என்றால் சவப்பெட்டி மட்டுமே. ஜெருசலேமில் உள்ள இயேசுவின் கல்லறையை மட்டும் பழைய வழக்கப்படி ‘ஆண்டவரின் க்ரொப்’ என்று இன்னும் சொல்கிறார்கள். சமய மொழி பழசை விடாது.

மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஸ்லாவியர் க்ரொப்பை இப்படி நறுக்கவில்லை. போலிஷ், செக், பல்கேரியன், செர்பியன் எல்லாவற்றிலும் அது இன்னும் புதைகுழிதான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் முன்பின். இதனால் வரும் வேடிக்கைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பல்கேரியாவில் இருக்கிறது. அங்கே தொல்லியலாளர்கள் பழைய புதைமேடுகளை ‘நத்க்ரொப்னா மொகீலா’ என்பார்கள். ‘நத்’ என்றால் மேலே. க்ரொப் என்றால் புதைகுழி. மொகீலா என்றால் மேடு. ‘குழிமேல் மேடு’, கச்சிதமான பெயர். இதையே ஒரு ரஷ்யர் தன் மொழிப் பழக்கத்தில் வாசித்தால், ‘சவப்பெட்டிமேல் குழி’ என்று தலைகீழாக வரும். ஓல்கா காலத்து ஆள் ஒருவர் எழுந்து வந்தால் பல்கேரியருடைய பெயரைத்தான் சட்டென்று புரிந்துகொள்வார்.

பல்கேரியனில் மொகீலாவுக்குச் சாவோடு கட்டாய உறவு கிடையாது. சும்மா ஒரு மண்மேடும் மொகீலாதான். ஆனால் அந்த நாட்டின் கசன்லக் வட்டாரத்தில் பல மேடுகளுக்குள் உண்மையிலேயே அரசர்கள் கிடந்தார்கள். 2004-இல் கியோர்கி கிட்டோவ் என்ற தொல்லியலாளர் ஒரு மேட்டைத் திறந்தபோது, மூன்றாம் சியூதஸ் என்ற திரேசிய அரசனுக்குரிய கல்லறை கிடைத்தது. உள்ளே பொன்னாலான இலைமாலை. வாசலுக்கு முன்னால் புதைத்து வைத்த ஒரு வெண்கலத் தலை. அந்த மேட்டின் பெயர் ‘கொல்யாமா கொஸ்மாட்கா’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பெரிய சடைச்சி’! திரேசியர்கள் ஸ்லாவியர் அல்ல. ஸ்லாவியர் பால்கனுக்கு வந்தது அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால். வந்தவர்கள் கண்டது யாரோ எப்போதோ குவித்துவிட்டுப் போன மேடுகளை. அவற்றுக்குத் தங்கள் சொல்லை வைத்தார்கள்.

உக்ரைனிலும் நடந்தது இதுவே, இன்னும் பெரிய அளவில். கருங்கடலுக்கு வடக்கே கிடக்கும் ஸ்டெப்பி புல்வெளி மேசை போலத் தட்டை. அதில் பத்து மீட்டர் உயர மேடு இருந்தாலும் மைல்கணக்கில் தெரியும். கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு முதல் வெண்கலக் கால மக்களும் பின்னர் சித்தியர் என்ற நாடோடிகளும் தங்கள் தலைவர்களைப் புதைத்துக் குவித்தவை அவை. பிற்காலத்தில் கொசாக்குகள் என்ற புல்வெளிப் போர்வீரர்கள் அவற்றின் மேல் ஏறி நின்று எதிரி வருகிறானா என்று பார்த்தார்கள். வழி சொல்லவும் எல்லை சொல்லவும் மொஹிலாக்கள்தான் அடையாளம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்குப் பெயர் வைப்பது போல ஒரு பெயர். செர்னிஹிவ் நகரில் ‘சோர்னா மொஹிலா’, கருமேடு. நிக்கோபோல் வட்டாரத்தில் ‘தோவ்ஸ்தா மொஹிலா’, தடித்த மேடு. தடித்த குழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயரடையே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தத் தடித்த மேட்டை 1971-இல் தோண்டியவர் பொரிஸ் மொசொலெவ்ஸ்கி; தொல்லியலாளர், கவிஞரும்கூட. ஜூன் 21 அன்று அவர் கையில் கிடைத்தது கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சித்தியப் பொன் மார்பணி. குறுக்களவு 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை ஒரு கிலோவுக்கும் அதிகம். பிறைபோல வளைந்த அதில் மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் இறக்கை முளைத்த விலங்குகள் குதிரைகளைக் கிழிக்கின்றன. நடுவில் பூங்கொடி. மேல் அடுக்கில் சட்டையில்லாத இரண்டு ஆண்கள் மண்டியிட்டு, ஓர் ஆட்டுத்தோல் சட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் குட்டி தாய்மடியில் பால் குடிக்கிறது. அரசன் மார்பில் அணிந்த பொன்னில் ஒரு வீட்டு வேலையைச் செதுக்கி வைத்தவன் யாரோ. சொல்லை விட்டு விலகிப் போகிறேன், தெரியும். ஆனால் இந்த மேட்டைப் பற்றி எழுதிவிட்டு அந்தச் சட்டையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்றைய உக்ரைனியனில் மொஹிலா இரண்டு பொருளிலும் வாழ்கிறது. வீட்டார் போய் மலர் வைக்கும் கல்லறையும் மொஹிலா, புல்வெளி மேடும் மொஹிலா. பக்கத்து பெலருசியனில் பன்மையில், செல்லமாகக் குறுக்கி, ‘மொஹில்கி’ என்றால் இடுகாடு.

தெற்கே செர்பியன், குரோவேஷியன், ஸ்லோவேனியன் பக்கம் போனால் சொல்லையே காணவில்லை போலத் தோன்றும். அங்கே இருப்பது ‘கொமிலா’. உற்றுப் பாருங்கள்: மொ-கி-லா, கொ-மி-லா. ம-வும் க-வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மதுரையை ‘மருதை’ என்று சொல்பவர் வாயில் நடப்பதும், தசை ‘சதை’ ஆனதும் இதே சங்கதிதான். செர்பியனிலும் குரோவேஷியனிலும் கொமிலாவுக்குக் குவியல் என்றே பொருள். கற்குவியல், பணக்குவியல், ஆட்களின் கூட்டம் எல்லாம் கொமிலா. சாவு முழுக்கக் கழன்றுவிட்டது, குவிப்பது மட்டும் மிச்சம். ஆனால் தொல்லியலாளர் கையில் பழைய பொருள் திரும்ப வருகிறது: டால்மேஷியக் கடற்கரையில் வரலாற்றுக்கு முந்தையவர்கள் பிணத்தின் மேல் குவித்த கற்குவைகளை ‘கொமிலே’ என்றே குறிக்கிறார்கள்.

செக்கில் கதை வேறு திசையில் போனது. ஊர்க் கல்லறைக்கு ‘ஹ்ரொப்’ இருக்கிறது. மொஹிலா என்றால் பழங்காலப் புதைமேடு, அல்லது பெரிய நினைவுச் சின்னம். இரண்டையும் ஒரே போர்க்களத்தில் பார்க்கலாம். 1805 டிசம்பர் 2, ஆஸ்டர்லிட்ஸ் போர். அன்று நெப்போலியன் நின்று படை நடத்திய இடம் ஷுரான் என்ற சிறு மேடு. தோண்டிப் பார்த்ததில், அதுவே சுமார் 6-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு பெரிய மனிதருக்காகக் குவித்த மொஹிலா என்று தெரிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, ப்ராட்சே ஊரருகே, அந்தப் போரில் மாண்டவர்களுக்காக 1910-க்கும் 1912-க்கும் இடையில் கட்டிய ‘மொஹிலா மீரு’, சமாதான மொஹிலா. 26 மீட்டர் உயரக் கட்டடம். உள்ளே போர்க்களத்தில் பொறுக்கிய எலும்புகள். ஸ்லோவாக்கியாவில் பிராத்லோ மலைமேல், 1919-இல் விமான விபத்தில் இறந்த ஸ்லோவாக் தலைவர் ஷ்டெஃபானிக்குக்கு எழுப்பிய கல்மண்டபமும் மொஹிலாதான். குவிக்கவும் இல்லை, தோண்டவும் இல்லை, மூன்றாவதாக, கட்டுகிறார்கள்.

போலந்தில் வீட்டுக் கல்லறைக்கு ‘க்ரூப்’. வார்சாவில் உள்ள பெயர் தெரியாத வீரனின் நினைவிடமும் 1925 முதல் க்ரூப்தான். மாஸ்கோ மகீலா என்கிறது, வார்சா க்ரூப் என்கிறது. மொகீவா என்று போலிஷ்காரர் சொன்னால் அது போரில் மாண்டவர்களின் மண்கல்லறை, அல்லது பலரைச் சேர்த்துப் புதைத்த இடம், அல்லது கவிதை. ஆனால் கிராக்கூவ் நகரின் கிழக்கோரம், இரும்பாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, மொகீவா என்று ஒரு கிராமம் இருந்தது. பக்கத்தில் நிற்கும் வாண்டா மேட்டால் வந்த பெயர். அந்நிய இளவரசனை மணக்க மறுத்து ஆற்றில் விழுந்த வாண்டாவுக்குக் குவித்த மேடு என்பது ஊர்க்கதை. அவள் தந்தை கிராக்கின் மேடு நகரின் இன்னொரு பக்கம். அதற்கான மண்ணை மக்கள் சட்டைக்கைகளில் அள்ளி வந்து கொட்டினார்களாம். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அங்கே நடக்கும் திருவிழாவின் பெயரே ‘ரென்காவ்கா’, சட்டைக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது.

இந்தச் சொல் ஸ்லாவியரைத் தாண்டியும் போனது. ருமேனியனில் ‘மோவிலா’ என்றால் மேடு. மோவிலா என்றே பெயர் கொண்ட ஓர் அரசகுடும்பம் மோல்டாவியாவை ஆண்டது. அதில் பிறந்த பெத்ரு மோவிலா கீவுக்குப் போய்த் தலைமைப் பேராயரானார். உக்ரைனியர் அவர் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ‘பெத்ரோ மொஹிலா’ ஆக்கினார்கள். கடன் கொடுத்த சொல் வட்டியோடு வீடு திரும்பியது என்று வைத்துக்கொள்ளலாம். 1632-இல் அவர் நிறுவிய கல்லூரியின் வாரிசாகத்தான் இன்றைய கீவ்-மொஹிலா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைப் ‘புதைகுழிப் பல்கலைக்கழகம்’ என்று மொழிபெயர்த்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிலர் தேர்வுக் காலத்தில் ஒப்புக்கொள்ளவும் கூடும்.

சொல்லின் அடிவேர் எது? ‘முடியும், வலிமை’ என்ற பொருளுடைய ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது என்பார் சிலர். அல்பேனியனில் ‘மகுலா’, ருமேனியனில் ‘மகுரா’ என்று குன்றைக் குறிக்கும் சொற்கள் இருப்பதைக் காட்டி, பால்கன் பக்கம் தேடச் சொல்வார் வேறு சிலர். வழக்கு முடியவில்லை. எனக்கு இரண்டாவது கட்சி கொஞ்சம் பிடிக்கும். மேட்டைச் சுட்டும் சொல்லுக்கு மேட்டிலேயே வேர் தேடுவது நியாயமாகப் படுகிறது.

கடைசியாக ஒரு கவிதை வரி. உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ 1845-இல் எழுதிய ‘உயில்’ என்ற கவிதையில், தான் இறந்தால் அகன்ற ஸ்டெப்பியின் நடுவே ஒரு மொஹிலாவின் மேல் தன்னைப் புதைக்கச் சொல்கிறார். அங்கிருந்து வயல்களும் டினீப்பர் ஆறும் தெரிய வேண்டும், ஆற்றின் இரைச்சல் கேட்க வேண்டும். கவனியுங்கள்: மொஹிலாவுக்குள் அல்ல, மேல். இதன் புகழ்பெற்ற ரஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்றில், ஸ்டெப்பி நடுவே ஒரு மகீலாவைத் தோண்டுங்கள் என்று வருகிறது. எதுகைக்கு அதே சொல் தேவைப்பட்டது, வினை தலைகீழாகிவிட்டது. மேடு காணாமல் போகக் கூடாதே என்று, அடுத்து வரும் வரியில் ஒரு குர்கானைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

ஷெவ்சென்கோ 1861 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்கில் இறந்து, அங்கேயே ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். இரண்டு மாதம் கழித்து நண்பர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு உக்ரைனுக்கு வந்தார்கள். கானிவ் ஊருக்கு வெளியே, டினீப்பரை ஒட்டிய குன்றின் உச்சியில் குழி தோண்டி இறக்கிவிட்டு, அதன் மேல் மண்ணைச் சுமந்து கொட்டிப் பெரியதொரு மொஹிலாவைக் குவித்தார்கள். மேலே நின்று பார்த்தால் ஆறு தெரியும்.